நிழல் இல்லாத மேகம்

அவருக்குப் பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளச் சீட்டில் மட்டும் அது எட்டிப் பார்க்கும். மற்றபடி வாசல் காவலாளியிலிருந்து மேலாளர் வரை எல்லாருக்கும் அவர் மேகத்தார்தான். செயற்கைக்கோள் செய்து, வானத்தில் விட்டு, அது எடுக்கிற பூமியின் படங்களை விற்கிற கம்பெனி அது. எந்தப் படத்தில் எந்த இடத்தை மேகம் மறைக்கிறது என்று பார்த்துக் குறிப்பது அவர் வேலை. மறைந்த இடத்தை வெள்ளைப் பூச்சாகப் பூசி மூடிவிட்டு, தெளிவாக இருப்பதை மட்டும் வாங்குகிறவர்களுக்கு அனுப்புவார்கள். அந்தப் பூச்சுக்கு ஏகபோக அதிகாரி மேகத்தார்.

வீட்டில் இந்த அதிகாரத்துக்கு மரியாதை கிடையாது. "ஜன்னலைத் திறந்தா மேகம் இருக்கா இல்லையான்னு தெரியப்போகுது. இதுக்கு ஒரு ஆபீஸா?" என்று மனைவி கேட்பாள். அக்காவின் கணவர் இன்னும் ஒருபடி மேலே போவார்.

"மாப்ளேக்கு வானத்தைப் பார்க்கிறதுதான் வேலை. அதுக்குச் சம்பளம் வேற குடுக்கிறான்."

"வானத்தைப் பார்க்கல அத்தான். வானத்துலேருந்து கீழே பார்க்கிறேன்."

"எங்கேருந்து பார்த்தா என்ன, பார்க்கிறதுதானே? ஒரு செங்கல்லைத் தூக்கி வச்சிருப்பியா?"

அத்தான் கொத்தனார். தன் வீட்டைத் தானே கட்டியவர். மலையடிவாரத் தெருவில் கடைசி வீடு அது. அதனால் அவரிடம் செங்கல் விஷயத்தில் யாரும் வாதாட முடியாது.

செங்கல் தூக்கவில்லையே தவிர, மேகத்தாரும் கையால் வேலை செய்தவர்தான். ஆரம்பத்தில் அவர் கீழ்த்தளத்தில், செயற்கைக்கோள்களைக் கோக்கிற கூடத்தில் இருந்தார். அங்கே ஒரு தூசு நுழையக் கூடாது. உச்சி முதல் உள்ளங்கால் வரை வெள்ளை உடை, கண் மட்டும்தான் வெளியே தெரியும். மூக்கு அரித்தால் அரித்ததுதான், வெளியே வந்துதான் சொறிய வேண்டும். குளிர்சாதனப் பெட்டி அளவுக்கு நிற்கும் அந்த இயந்திரத்துக்கு வெயிலும் குளிரும் தாக்காமல் தங்க நிறத் தாளை அடுக்கடுக்காகப் போர்த்திக் கட்டுவது அவர் வேலையாக இருந்தது. குனிந்து குனிந்து முதுகு போனது. இனிமேல் குனியக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு மாடிக்கு, படப்பிரிவுக்கு, நாற்காலி வேலைக்கு மாற்றினார்கள். "நான் போர்த்திவிட்ட பிள்ளைங்க எடுத்த படம் இது" என்று புதிதாக வருகிறவர்களிடம் கொஞ்ச நாள் பெருமை அடித்துக்கொண்டிருந்தார்.

மாடியில் அவர் கண்ட உலகம் வேறு. அந்தச் செயற்கைக்கோள்கள் எந்த ஊரின் மேல் போனாலும் அங்கே காலை பத்தரை மணி வாக்கில்தான் இருக்கும். சூரியன் எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து அடிக்க வேண்டும் என்பதற்காக அப்படி ஒரு பாதையில் விட்டிருக்கிறார்கள். அதனால் மேகத்தாரின் உலகத்தில் எந்நேரமும் பத்தரை மணிதான். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குள் இருப்பார்கள். கொடியில் துணி காயும். எல்லா மரமும், எல்லாக் கட்டடமும், எல்லா மின்கம்பமும் ஒரே பக்கம், மேற்கே, நிழலைச் சாய்த்துக்கொண்டு நிற்கும்.

அந்த நிழல்தான் அவருடைய தொழில் ரகசியம். மேலிருந்து பார்த்தால் மேகமும் வெள்ளை, சுண்ணாம்பு மண்ணும் வெள்ளை, புதுத் தகரக் கூரையும் வெள்ளை. எது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? "மேகம் ஆகாயத்துல நிக்குது. அப்போ அதோட நிழல் தள்ளிப் போய் மேற்கே தரையில விழுந்திருக்கும். வெள்ளையைப் பார்க்காதே, நிழலைத் தேடு. நிழல் இல்லன்னா அது மேகம் இல்ல." புதியவர்கள் எல்லாருக்கும் அவர் கற்றுக்கொடுத்த முதல் பாடம் இது. நன்றாகத்தான் கற்றுக்கொடுத்தார். மறந்தது அவர்தான்.

மறக்கவைத்தவர் சின்னவர். சின்னவர் என்பது ஆள் இல்லை, ஒரு கணினி நிரல். படங்கள் குவிய ஆரம்பித்ததும் ஒரு ஆள் பார்த்துக் கட்டுப்படியாகாது என்று கொண்டுவந்தார்கள். மேகத்தார் குறித்ததையெல்லாம் பார்த்துப் பார்த்தே அது மேகம் குறிக்கக் கற்றுக்கொண்டது. அதனால் அவர் பெரியவர், அது சின்னவர். சின்னவர் வெள்ளைப் பூச்சைப் பூசிவிட்டு, படத்தின் கீழே பவ்வியமாக ஒரு கேள்வி கேட்கும்: 'மேகம். ஏற்கவா?' பக்கத்தில் இரண்டு பொத்தான், ஆம், இல்லை. முதலில் ஒவ்வொரு படத்தையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். சின்னவர் தப்பே செய்யவில்லை. பிறகு மேலோட்டமாகப் பார்த்தார். பிறகு டீ குடித்துக்கொண்டே பார்த்தார். கடைசியில் விரல் தானாகவே ஆம் பொத்தானை அமுக்கப் பழகிக்கொண்டது. நம்பிக்கையும் சோம்பேறித்தனமும் கூடப்பிறந்தவை, பார்க்க ஒரே ஜாடையில் இருக்கும்.

ஊருக்கு மேலே இருந்த மலைச் சரிவில் போன மழைக்காலத்தில் நிஜமாகவே மேகம் வந்து உட்கார்ந்தது. தினமும் காலையில் அதே இடத்தில், ஈரத் துண்டைப் பிழிந்து போட்டதுபோல் கிடந்தது. அவர் மேகம் என்று குறித்தார், சரிதான். சின்னவர் அதைக் கற்றுக்கொண்டது, அதுவும் சரிதான். மழைக்காலம் முடிந்தது. வெள்ளை போகவில்லை. சின்னவர் பூசியது, அவர் ஆம் என்றார். அவர் ஆம் என்றதால் சின்னவர் மறுநாள் இன்னும் தைரியமாகப் பூசியது. அவர் சின்னவரை நம்பினார், சின்னவர் அவரை நம்பியது, மலையை யாரும் பார்க்கவில்லை.

ஒரே ஒரு ஆள் கேட்டார். நகராட்சிக்கும் இந்தப் படங்கள் போகும். மலைச் சரிவுகளைக் கண்காணிக்கிற ஒரு பெண் பொறியாளர் அங்கே இருந்தார். ஒருநாள் அவர் கூப்பிட்டார்.

"சார், எல்லா இடமும் தெளிவா இருக்கு. மலைச் சரிவுல அந்த ஒரு இடம் மட்டும் எப்பவும் வெள்ளையா மூடியே வருதே?"

"மேடம், மலைன்னா மேகம் வந்து உட்காரத்தான் செய்யும். காலி பண்ணுன்னு நோட்டீஸா குடுக்க முடியும்?"

மேகத்தாரின் அறையே கொல்லென்று சிரித்தது. அந்தப் பக்கம் பொறியாளரும் சிரித்துவிட்டார். "சரி சார், நீங்க சொன்னா சரி" என்று வைத்துவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனியின் புதிய செயற்கைக்கோள் தயாராகி மேலே போனது. பழசைவிடப் பல மடங்கு கூர்மையான கண். புதிய கோள் ஒவ்வொன்றும் முதல் படமாகச் சொந்த ஊரைத்தான் எடுக்க வேண்டும் என்று அங்கே ஒரு வழக்கம். அன்றைக்கு ஊழியர்களும் அவர்கள் சொந்தக்காரர்களும் அவரவர் மொட்டை மாடியில் ஒரு படுக்கை விரிப்பை விரித்து வைப்பார்கள். படம் வந்ததும் பெரிய திரையில் போட்டு, அவரவர் விரிப்பை அவரவர் தேடிக் கண்டுபிடிப்பார்கள். யார் ஆரம்பித்ததோ தெரியாது. ராக்கெட் கிளம்புகிற நாளைவிட விரிப்பு விரிக்கிற நாளில்தான் அங்கே கூட்டம் அதிகம்.

அக்காவுக்கு இதில் அலாதி சந்தோஷம். அவளிடம் ஒரு சிவப்பு விரிப்பு இருந்தது. நடுவில் இஸ்திரிப் பெட்டி சுட்ட இடத்தில் வெள்ளைத் துணியைச் சதுரமாக ஒட்டுப் போட்டுத் தைத்திருந்தாள். "என்னோடதை நீ எங்கேருந்து பார்த்தாலும் கண்டுபிடிச்சுடலாம்" என்பாள். முந்தின நாள் போனில் ஒரே புலம்பல்.

"உங்க அத்தானை மாடிக்குக் கூப்பிட்டா வரமாட்டேங்குறார்டா. விரிப்புக்கு ரெண்டு பக்கமும் ஆள் பிடிக்க வேண்டாமா? நான் ஒருத்தி இந்த முனையை இழுத்தா அந்த முனை பறக்குது."

"நாலு மூலையிலயும் கல்லை வையேன்."

"கொத்தனார் வீட்டுல கல்லுக்கா பஞ்சம்? விரிக்கத்தான்டா ஆள் இல்ல."

மறுநாள் வானம் துடைத்துவிட்டதுபோல் நீலமாக இருந்தது. மருந்துக்குக்கூட ஒரு மேகம் இல்லை. "இன்னைக்கு உங்களுக்கு லீவுதான்" என்று மனைவி கேலி செய்தாள். மத்தியானம் கம்பெனி அரங்கில், குடும்பங்களையும் கூப்பிட்டு, திரையைக் கட்டி முதல் படத்தைப் போட்டார்கள். சின்னவர் கைவைக்காத அசல் படம். பூச்சு எதுவும் இல்லை. ஊர் முழுக்கக் கலர் கலராக விரிப்புகள். குழந்தைகள் திரைக்குப் பக்கத்தில் ஓடிப்போய், "அதோ எங்களுது! அதோ எங்களுது!" என்று குதித்தன. புதுக் கோளை நம்பிப் படம் வாங்க வந்திருந்த வெளியூர் வாடிக்கையாளர்கள் கைதட்டினார்கள்.

மேகத்தார் கையில் டீயோடு அக்கா வீட்டைத் தேடினார். மலையடிவாரம், கடைசி வீடு, சிவப்பு. கண்டுபிடித்துவிட்டார். நடுவில் வெள்ளைச் சதுரம்கூடத் தெரிந்தது. ஒரு மூலை மட்டும் காற்றில் மடங்கி உள்ளே விழுந்திருந்தது.

"பார்த்தியா, அத்தான் மாடிக்கு வரவே இல்ல" என்று மனைவியிடம் சொல்லிச் சிரித்தார்.

சிரித்துக்கொண்டே கண்ணை மேலே ஏற்றினார். தொழில் பழக்கம். வீட்டுக்கு மேலே மரங்கள், மரங்களுக்கு மேலே சரிவு, சரிவில் அந்த வெள்ளை.

இன்றைக்கு மேகமே இல்லையே என்று நினைத்தார். கண் தானாக மேற்கே போனது, நிழலைத் தேடி. நிழல் இல்லை. இன்னும் கொஞ்சம் தள்ளித் தேடினார். அங்கேயும் இல்லை. அது மேகம் இல்லை. மலையின் தோல் உரிந்து உள்ளே இருக்கிற வெள்ளை மண் தெரிகிறது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போனார். வெள்ளையின் ஓரத்தில் நின்ற மரங்களைப் பார்த்தார். ஊரில் எல்லா நிழலும் கோடு போட்டதுபோல் ஒரே பக்கம் விழுந்திருக்க, அந்த மரங்களின் நிழல் மட்டும் கோணல்மாணலாகக் கிடந்தது. மரங்களே சாய்ந்திருக்கின்றன. அவற்றுக்கும் மேலே, புதுக் கோளின் கூர்மையான கண்ணில் மட்டும் படக்கூடிய மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று அரிவாள் மாதிரி வளைந்து ஓடியது. அதற்கு நேர் கீழே அக்காவின் சிவப்பு விரிப்பு.

டீ எப்போது கொட்டியது என்று அவருக்குத் தெரியாது. "என்னங்க, சட்டையெல்லாம் டீ" என்று மனைவி சொன்னது காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை. முதுகு வலியை மறந்து மாடிப்படிகளைத் தாவி ஏறினார். தன் கணினியில் பழைய படங்களை எடுத்துச் சின்னவரின் பூச்சை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தார். முதலில் கைக்குட்டை அளவு வெள்ளை. அடுத்ததில் துண்டு. பிறகு வேட்டி. மாதக்கணக்காக அந்த மலை கிழிந்துகொண்டே வந்திருக்கிறது. ஒவ்வொரு நாளும் அவர் அதை வெள்ளையடித்து மூடி, ஆம் என்று கையெழுத்துப் போடாத குறையாக ஊருக்கு அனுப்பியிருக்கிறார். கீழே இருந்து பார்த்தால் மரங்கள் மறைக்கும். மேலே இருந்து பார்க்கத்தான் அவரை வைத்திருந்தார்கள்.

மேலாளரைக் கூட்டத்திலிருந்து தனியாக இழுத்துவந்து சொன்னார். மேலாளர் கெட்டவர் இல்லை, பயந்தவர்.

"இன்னைக்கா சொல்லணும்? வந்திருக்கிறவங்க யாருன்னு தெரியுமில்ல? மேகமா இருக்கும்யா. நாளைக்கு இன்னொரு படம் வரும், பார்த்துட்டு முடிவு பண்ணலாம்."

"மேகம் இல்ல சார். நிழலே இல்ல."

"இத்தனை நாளா மேகம்னு போட்டது யாரு? நீங்கதானே?"

மேகத்தார் வராந்தாவுக்குப் போய் நகராட்சிப் பொறியாளரைக் கூப்பிட்டார்.

"சொல்லுங்க சார்," அவர் குரலில் அன்றைய சிரிப்பு இன்னும் இருந்தது. "மேகம் காலி பண்ணிடுச்சா?"

"அது மேகமே இல்ல மேடம்."

சிரிப்பு நின்றுவிட்டது. பொறியாளர் ஒவ்வொன்றாகக் கேட்டார். மரம் சாய்ந்திருக்கிறதா, எந்தப் பக்கம், மேலே விரிசல் மாதிரி ஏதாவது தெரிகிறதா. அரிவாள் மாதிரி ஒரு கோடு என்று சொன்னதும், "வளைவு மேல் பக்கமா?" என்று கேட்டார். ஆமாம் என்றார் மேகத்தார். அந்தப் பக்கம் மூச்சை இழுத்துப் பிடிப்பது கேட்டது.

"உடனே படத்தை அனுப்புங்க சார்."

விற்பனைக்கு வராத படத்தை வெளியே அனுப்பினால் சீட்டுக் கிழியும். அனுப்பிவிட்டார். அதைப் பற்றி அப்போது நினைக்கக்கூட இல்லை.

அடுத்து அக்காவைக் கூப்பிட்டார். மணி அடித்து முடிவதற்குள் எடுத்துவிட்டாள்.

"தம்பி! என் விரிப்பு தெரிஞ்சுதா? ஒட்டு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது அக்கா. நல்லா தெரிஞ்சுது. நீயும் அத்தானும் இப்பவே கிளம்பி, தண்ணித் தொட்டி தாண்டி இருக்கிற பள்ளிக்கூடத்துக்குப் போயிடுங்க. மலை சரியப் போகுது."

"என்னடா உளர்றே?"

"சத்தியமா அக்கா. உன் வீட்டுக்கு நேர் மேல. நகராட்சி வண்டி வரும், அதுக்குக் காத்திருக்காதே. கிளம்பு."

அவள் உள்ளே திரும்பிச் சொல்வதும், அத்தான் பெரிதாகச் சிரிப்பதும் கேட்டது. பிறகு போன் அத்தான் கைக்கு மாறியது.

"என்ன மாப்ளே? நேத்து வரைக்கும் மேகம், இன்னைக்கு மலை சரியுதா? நாளைக்கு என்ன சொல்லுவே, கடல் வருதும்பியா?"

"அத்தான், கால்ல விழறேன். நான் தப்பாப் பார்த்துட்டேன் இத்தனை நாளா."

"இப்பவும் தப்பாப் பார்க்கலைன்னு என்ன நிச்சயம்? நீ மேலேருந்து பார்க்கிறவன். நான் இந்த மண்ணைத் தோண்டி அஸ்திவாரம் போட்டவன். என் வீட்டைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

போன் மறுபடி அக்காவிடம் வந்தது. அவள் குரல் இறங்கியிருந்தது. "அவர் நகர மாட்டேங்குறார்டா. அவரை விட்டுட்டு நான் மட்டும் எப்படி வருவேன்?"

சாயங்காலம் நகராட்சி வண்டி ஒலிபெருக்கியோடு அடிவாரத் தெருவுக்குப் போனது. மேகத்தார் போய்ப் பார்த்தபோது அடிவாரத்துக்குப் போகிற பாலத்திலேயே போலீஸ் சாலையை மறித்திருந்தது. கெஞ்சினார், சண்டை போட்டார், ஒன்றும் நடக்கவில்லை. பொறியாளர் போனில் கண்டிப்பாகச் சொன்னார். "நீங்க இங்க வந்து என்ன பண்ணப் போறீங்க? நாளைக்குக் காலையில எனக்குப் படம் வேணும். அதைப் பாருங்க. எல்லாரையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிட்டு இருக்கோம்." கடைசி வீட்டுக்காரர் வந்தாரா என்று மேகத்தார் கேட்டார். "அந்த ஆளு கதவைச் சாத்திட்டு உள்ளே இருக்கார் சார். மறுபடி ஆளனுப்புறேன்" என்றார். அக்காவுக்குப் போட்டால் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

விடிகிற நேரத்தில் சத்தம் கேட்டது. ஊரின் இந்தக் கோடியில் இருந்த அவர் வீட்டு ஜன்னல்கள்கூட அதிர்ந்தன. மனைவி எழுந்து உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். போனை எடுத்தால் உயிர் இல்லை. மலைமேல் நின்ற செல்போன் கோபுரமும் சேர்ந்து விழுந்திருந்தது. வாசலுக்கு வந்து பார்த்தால் மலை இருந்த பக்கம் வெள்ளையாக ஒன்று எழும்பி நின்றது. தெருவில் யாரோ, "மேகம் எவ்வளவு கீழே இறங்கியிருக்கு பாரு" என்றார்கள்.

பாலத்துக்கு ஓடினார். திருப்பி அனுப்பினார்கள். யார் தப்பினார்கள், யார் இல்லை என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. வேறு வழி இல்லாமல் ஆபீசுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மேலாளர் முன்னதாகவே வந்திருந்தார். முகத்தில் ரத்தம் இல்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். பத்தரை மணிக்காக இரண்டு பேரும் காத்திருந்தார்கள். மாடிக்கு வந்ததிலிருந்து பத்தரை மணியையே பார்த்தவருக்கு, அன்றைக்குத்தான் அது வரவே மாட்டேன் என்றது.

படம் வந்தது. அவருக்கு முன்னால் சின்னவர் பார்த்துவிட்டது. மலைச் சரிவு, மரங்கள், அடிவாரத் தெரு, அக்கா வீடு, எல்லாவற்றின் மேலும் வெள்ளைப் பூச்சு பூசி, வழக்கம்போலப் பவ்வியமாகக் கேட்டது:

'மேகம். ஏற்கவா?'

இப்படி எத்தனை தடவை கேட்டிருக்கும், எத்தனை தடவை ஆம் என்றிருப்போம் என்ற நினைப்பே மேகத்தாருக்குத் தாங்கவில்லை. விரல் பழக்கத்தில் ஆம் பக்கம் போனது. அதை இடது கையால் பிடித்து நிறுத்தினார். இல்லை என்று அமுக்கினார்.

பூச்சு விலகியது. அடியில் தூசிப் புகை. அது அங்கங்கே மெலிந்திருந்த இடங்களில் மண், ஒரு பெரிய நாக்கு நீட்டிக்கொண்டதுபோல் மலையிலிருந்து கீழே வரை. அடிவாரத் தெருவைத் தேடினார். தெரு ஆரம்பிக்கிற திருப்பம் இருந்தது, தெரு இல்லை. கடைசி வீடு இருந்த இடத்தில் வீடும் இல்லை, மாடியும் இல்லை, அது வீடு இருந்த இடம் என்று சொல்ல ஒரு அடையாளமும் இல்லை. மேலாளர் வாயைப் பொத்திக்கொண்டார்.

மேகத்தார் நிறுத்தவில்லை. படத்தைத் தள்ளிக்கொண்டே போனார், திருப்பத்தைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, பள்ளிக்கூடத்துக்கு. மைதானத்தில் புள்ளி புள்ளியாக ஆட்கள். எல்லாரும் மேற்கே நிழலைச் சாய்த்துக்கொண்டு நின்றார்கள். யார் யார் என்று தெரியாது, அந்த உயரத்திலிருந்து மனிதர்களுக்கு முகம் கிடையாது.

மைதானத்து நடுவில் சிவப்பாக ஒன்று. நடுவில் வெள்ளைச் சதுரம்.

இன்னும் பெரிதாக்கிப் பார்த்தார். நான்கு மூலையும் நேராக இருந்தன. ஒரு மடிப்பு இல்லை, ஒரு சுருக்கம் இல்லை. ஒருத்தியால் அப்படி விரிக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். அந்த முனையை ஒரு ஆள் பிடித்து இழுத்திருக்க வேண்டும். கொத்தனார்தான் அப்படி மூலைமட்டம் பார்த்து விரிப்பார்.

மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு ஓவென்று அழுதார். மேலாளர் பதறிப்போய்த் தோளைத் தொட்டார். "என்னய்யா? என்ன தெரியுது?"

"அத்தான் வந்துட்டார் சார். அத்தான் வந்துட்டார்."

மத்தியானம் வழி திறந்துவிட்டதும் பள்ளிக்கூடத்துக்கு ஓடினார். அக்கா அவரைப் பார்த்ததும் கட்டிக்கொண்டாள். அத்தானை எப்படிக் கிளப்பினாள் என்பதையும் ஒரே மூச்சில் சொன்னாள். மலை, மண், விரிசல் என்று சொன்னபோதெல்லாம் அசையாத மனுஷர். "தம்பி நாளைக்குப் பத்தரைக்கு மேலேருந்து என்னைத் தேடுவான். காணலைன்னா அவன் செத்துடுவான். பள்ளிக்கூடத்துல விரிப்பைப் போடணும், பிடிக்க ஆள் வேணும், வர்றீங்களா இல்லையா?" என்று கேட்டாளாம். முனகிக்கொண்டே சட்டையை மாட்டினாராம். போனைக்கூட வீட்டிலேயே விட்டுவிட்டு, விரிப்பை மட்டும் சுருட்டிக்கொண்டு கிளம்பினார்களாம்.

தெருக்காரர்கள் எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள். ஒரு உயிர் போகவில்லை. ஆனால் வீடுகள் என்ன ஆயின என்று யாருக்கும் தெரியவில்லை. போலீஸ் கிட்டே விடவில்லை, தூசி அடங்கவில்லை. மேலிருந்து பார்த்தவர் வந்திருக்கிறார் என்று தெரிந்ததும் சுற்றிக் கூடிவிட்டார்கள். அவர் முகத்தையே பார்த்தார்கள்.

அத்தான் பள்ளிக்கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவருடைய வேலையைப் பற்றி மரியாதையாக ஒரு கேள்வி கேட்டார்.

"மாப்ளே, மேலேருந்து பார்த்தியே. நம்ம வீடு எப்படி இருக்கு?"

மேகத்தாருக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது, தெரியல அத்தான், ஒரே மேகமா மறைச்சிருந்துச்சு என்று. சொன்னால் நம்புவார்கள். இத்தனை நாளும் நம்பியிருக்கிறார்கள்.

"வீடு இல்ல அத்தான்" என்றார். "தெருவே இல்ல."

ஒரு பெண் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"அது மேகம் இல்லன்னு நான் முன்னாடியே பார்த்திருக்கணும். தினமும் என் கண்ணு முன்னாடிதான் வந்துச்சு. பார்க்காமலே ஆமா ஆமான்னு போட்டுட்டேன்."

அத்தான் திட்டுவார் என்று எதிர்பார்த்தார். அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றார். அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். சிமெண்ட் தின்ற கை.

"அப்போ," என்று மெதுவாகக் கேட்டார், "இத்தனை நாளா மேலேருந்து எங்களை யாருமே பார்க்கலையா?"

அக்கா மைதானத்தில் போய் விரிப்பை உதறி எடுத்தாள். ஒரு முனையைத் தான் பிடித்துக்கொண்டு மறுமுனையைத் தம்பி பக்கம் நீட்டினாள்.

"இந்தா, பிடி. மடிக்கணும்."

பிடித்தார். குனியக் கூடாத முதுகோடு குனிந்து, மூலைக்கு மூலை சேர்த்து மடித்தார். அவரும் அக்காவும் தரையில் விட்டிருந்த நிழல்களுக்கு நடுவே அந்த விரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாகி, அவள் இப்போது சொந்தம் என்று சொல்லக்கூடிய ஒரே பொருளாக அவள் கைக்குள் அடங்கியது.